பதினாலு கதவு

மாடுலர் கிச்சன்காரர் நாடா பிடித்து அளந்துவிட்டு
ஒரு லட்சத்து எண்பது என்றார்,
ஏதோ தயவு செய்கிறவர் மாதிரி.
எங்களிடம் இருந்தது நாற்பது.
அந்த நாற்பதும்
சோழவந்தானில் நாத்தனார் பிள்ளைகளுக்குக் காது குத்தப் போயிற்று.
தாய்மாமன் செய்முறை, விட முடியுமா என்றார் இவர்.
மைக்கில் இவர் பெயரை இரண்டு தடவை வாசித்தார்கள்.

அதிலிருந்து எட்டு நாள் பேச்சில்லை.

ஒன்பதாம் நாள் பழங்காநத்தம் கடையில்
நாலாயிரத்தை மேசைமேல் வைத்து,
சன்மைக்கா மேல பெயிண்டு நிக்குமா என்றேன்.
'நிக்கும்க்கா. நீங்க தேய்க்கிறதுல இருக்கு'
என்றார் காஜா மைதீன்.
உப்புத்தாள் பத்து, பிரைமர் ஒரு லிட்டர்,
சாம்பல் நீலம் ஒரு லிட்டர், குட்டி ரோலர் ஒன்று.
மீதிச் சில்லறைக்கு ஆட்டோ வராது. நடந்தேன்.

பதினாலு கதவு.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் நம்பர் போட்டுக்
கழற்றிப் படிக்கட்டு வளைவில் சாய்த்தேன்.
திருகெல்லாம் ஊறுகாய் பாட்டிலில்.
மேல்வீட்டு ஜெசிந்தா இறங்கி வந்தவள்
'வீடு மாத்துறீங்களா?' என்றாள்.

சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் துடைத்தால்
பதினோரு வருஷத் தாளிப்பு
தேன் நிறத்தில் இறங்கி ஓடியது.
அடுப்புக்கு நேர்மேல் கதவில்
கடுகு ஒன்று சமாதியாகியிருந்தது.
நகத்தால்கூட எழுப்ப முடியவில்லை.

ஓரம் பிரிந்து வாய் பிளந்த இடங்களுக்கு
மருந்துக்கடைச் சிரிஞ்சில் பசை ஏற்றிக் குத்தினேன்,
மேலே பத்துக் கிலோ அரிசிப் பை.
பிறகு தேய்ப்பு.
பளபளப்பை மட்டும் கொல்ல வேண்டும்,
சன்மைக்கா கிழியக் கூடாது.
நாத்தனார் பெயரை ஒருமுறை நினைத்துக்கொண்டேன்.
நாலாம் கதவு கொஞ்சம் கூடுதலாகவே தேய்ந்துவிட்டது.

தொட்டிக்குக் கீழே இருந்த பதிமூன்று
டீயில் நனைத்த ரஸ்க் போல உப்பியிருந்தது.
அதற்கு வைத்தியமில்லை.
ஸ்பிரிங் கம்பியில் பழைய வேட்டித்துண்டு, திரை என்று பேர்.

அக்னி நட்சத்திரப் பகலில்
ரோலர் உருளும் முன்னே பெயிண்டு காய்ந்து கோடு விழுகிறது.
அதனால் ராத்திரி பத்துக்கு மேல்,
பைபாஸ் லாரிச் சத்தத்தில்.
இவர் கூடத்தில் தூங்குவதுபோல் படுத்திருந்தார்.
தூங்கினால் குறட்டை வரும். வரவில்லை.

மேல் வரிசை எட்டோடு டப்பா தீர்ந்தது.
மறுநாள் சாயங்காலம் அடுப்படித் தரையில்
புது டப்பா ஒன்று இருந்தது.
மூடியைப் பார்த்து வாங்கியிருக்கிறார் போல.
நீலத்துக்குப் பதில் பச்சை.
பாசிப்பயறுப் பச்சை.
திருப்பிக் கொடுக்கச் சொல்ல வாய் திறக்க வேண்டும்.
திறக்காமல் கீழ் வரிசை ஐந்தையும் பச்சையாக்கினேன்.

கதவை மாட்டுவது மட்டும் ஒற்றை ஆள் வேலை இல்லை.
ஒருவர் ஏந்தணும், ஒருவர் திருகணும்.
தோளில் ஒன்றைச் சாய்த்துக்கொண்டு
ஸ்குரூ டிரைவரைத் தவறவிட்டபோது
அது என் கைக்கே திரும்பி வந்தது.
'கொஞ்சம் மேல' என்றேன்.
பத்து நாளில் முதல் வார்த்தை அதுதான்.
'இம்புட்டா?'
'அம்புட்டு வேண்டாம்.'
இப்படியே பதிமூன்று கதவுக்கும்.

'ரெண்டு கலரா! இப்ப இதுதானே ஃபேஷன்,
எவ்வளவுக்கா ஆச்சு?' என்றாள் ஜெசிந்தா.
பச்சை டப்பா விலை எனக்கு இன்னும் தெரியாது.

தட்டுகளுக்கு விரிக்க ஒன்றும் வாங்கவில்லை.
காதணி விழா ஃபிளெக்ஸ் பரண்மேல் சுருட்டிக் கிடந்தது,
பன்னிரண்டுக்கு எட்டு அடி.
வெட்டி, வெள்ளை முதுகு மேலே தெரிய விரித்தேன்.
இரண்டாம் தட்டில் மட்டும் வேண்டுமென்றே திருப்பிப் போட்டேன்.
தாய்மாமன், தன்னிடம் இல்லாத கூலிங்கிளாஸில்.
அந்த முகத்தின்மேல் உப்பு ஜாடி.

காலையில் காப்பித்தூள் தேடித் திறந்தவர்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஜாடியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுக்
கதவைச் சாத்தினார்.
ஒன்பதாம் நம்பர்.
அது இன்னும் சரியாகச் சாத்தவில்லை.